பல்கலைக்கழக வளாகமும் நாட்டுத் திட்டமும்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஆசிரியர்களும் மாணவர்களும் நூலகமுமே. அது நிற்கும் நிலத்தைப் பற்றி நாம் மிகுதியாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரு கழகம் எந்த ஊரில் அமைவது, எவ்வளவு நிலம் பெறுவது, மாணவர் உள்ளேயே தங்குவதா, வெளியிலிருந்து வந்து போவதா என்னும் கேள்விகளுக்குக் கட்டடக் கலைஞர் வரைபடம் தீட்டத் தொடங்குமுன்பே பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது. அவ்விடையை அளிப்பது நாட்டின் திட்டக் கொள்கையாகும்.

இதற்கு நல்ல சான்று இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள். யுத்தத்திற்குப் பிந்திய தொழில் வளர்ச்சிக்கு வேண்டிய பொறியியல் வல்லுநரை உருவாக்கும் வழி யாது என ஆராய, நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் 1945-இல் ஒரு குழு நியமிக்கப்பெற்றது. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நாட்டின் நான்கு பகுதிகளிலும் உயர்தரக் கழகங்கள் வேண்டும் என்று அக்குழு கூறிற்று. ஓரிடத்தில் மட்டும் கல்வியைக் குவிக்காது, பகுதிதோறும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பதே இப்பரிந்துரையின் உட்பொருள்.

முதற் கழகம் வங்காளத்துக்குக் கிடைத்தது. அக்காலத்தில் தொழிற்சாலைகள் மிகுந்திருந்த பகுதி அது. ரயில்வே நகரமான கரக்பூருக்கு அருகிலுள்ள ஹிஜ்லியில் மாநில அரசு 1,200 ஏக்கர் நிலம் அளித்தது. அங்கே ஆங்கிலேயர் ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த தடுப்பு முகாம் ஒன்று இருந்தது. 1931-இல் காவலர் சுட்டதில் கைதிகள் இருவர் உயிர் நீத்த இடம் அதுவே. அம்முகாமின் கட்டடத்திலேயே 1951-இல் வகுப்புகள் தொடங்கின. பின்னர் 1958 முதல் 1961 வரை பம்பாய், சென்னை, கான்பூர், தில்லி ஆகிய நகரங்களிலும் கழகங்கள் தோன்றின.

சென்னையில், கிண்டி ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்திருந்த காட்டின் ஒரு பகுதி, ஏறத்தாழ 250 ஹெக்டேர், கழகத்திற்கு அளிக்கப்பட்டது. 1959-இல் அது நகரத்தின் ஓரம். இன்றோ நகரம் அதனை நாற்புறமும் சூழ்ந்துவிட்டது. கழகத்தின் மரங்களிடையே இன்றும் புள்ளிமான்கள் உலவுகின்றன. ஐந்தாண்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆனால் அது ஒதுக்கிய நிலத்தின் விளைவு தலைமுறைகளுக்கு நீடிக்கும் என்பதை இதனால் அறிகிறோம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மத்திய அரசு நிறுவும் கழகத்திற்குப் பணம் தருவது மத்திய அரசு. நிலமோ அரசியலமைப்பின்படி மாநிலத்தின் பொறுப்பு. சாலை, குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றின் சுமையோ அண்டையிலுள்ள நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் உரியது. சில ஆயிரம் மாணவரும், ஆசிரியரும், ஊழியரும் வந்து குடியேறும் வளாகம் ஒரு சிற்றூருக்கு நிகரானது. அதற்கும் கிணறு வேண்டும், கடை வேண்டும், பேருந்து வேண்டும். பணமும் நிலமும் நீரும் மூன்று வேறு கைகளில் இருக்கும்போது, அக்கைகள் ஒன்றையொன்று கலந்துகொள்ளாவிடில் நேர்வது யாது? மதிலுக்குள் குழாயில் நீர் வரும். மதிலுக்கு வெளியே பெண்கள் குடத்துடன் காத்திருப்பர். நாட்டுத் திட்டம் வென்றது, வட்டாரத் திட்டம் இல்லாமற் போயிற்று என்பதே அதன் பொருள்.

இதற்குப் பரிகாரம் நம் அரசியலமைப்பிலேயே உண்டு. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தம் மாவட்டத் திட்டக் குழுக்களுக்கு இடமளித்தது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தீட்டும் திட்டங்களை ஒன்றுசேர்த்து, நிலப்பயன், நீர்ப்பகிர்வு, சுற்றுச்சூழல் முதலியவற்றைக் கருதி மாவட்டத்தின் வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிப்பது அக்குழுவின் பணி. ஆளுநர் ஆணையில் குறிப்பிடும் நிறுவனங்களை அக்குழு கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. பல்கலைக்கழகம் அத்தகைய நிறுவனமாகக் குறிப்பிடப்பெறுவதற்குத் தடை ஏதும் இல்லை. அவ்வாறு குறிப்பிடப்பெற்றால், வளாகத்தின் ஏரியும் ஊரின் ஏரியும் ஒரே வரைபடத்தில் இடம்பெறும். நீரியல் கற்பிக்கும் ஆசிரியரின் அறிவும் அண்டைக் கிராமத்துக்குப் பயன்படும்.

இது பழங்கதை பேசுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஒவ்வொரு மாவட்டத்திலோ அதன் அருகிலோ பெரிய பல்துறை உயர்கல்வி நிறுவனம் ஒன்றேனும் அமைய வேண்டும் என்று இலக்கு வகுத்துள்ளது. அன்று நான்கு திசைகளுக்கு நான்கு கழகங்கள் என்று எண்ணினோம். இன்று மாவட்டந்தோறும் என்று எண்ணுகிறோம். அவ்வளவு இடங்களில் வயலோ, புறம்போக்கோ, ஏரிக்கரையோ கல்விக்கென ஒதுக்கப்படலாம். எந்த நிலம், எவருடைய நிலம், எந்த நீர் என்னும் கேள்விகளை அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அவ்வூராரோடு அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மதில் எழுந்த பின்னர்ப் பேசுவதால் பயன் குறைவு. ஊர் தன் நிலத்தைக் கொடுத்து வளர்க்கும் கல்வி, ஊருக்கும் உரியதாக விளங்குவதே முறையாகும்.