வீட்டு ரவுட்டருக்கும் பூட்டு வேண்டும்

கரடியனாற்றுப் பெண்களுக்கும் இணையம் இன்று தேவையாகிவிட்டது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் பேசுவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், காணாமல் போனவரின் ஆவணங்களைப் படமெடுத்து அனுப்புவதும் ரவுட்டர் எனும் சிறு பெட்டியூடாக நடக்கின்றன.

அப்பெட்டியை இயக்குவது அதனுள் பதிக்கப்பட்ட மென்பொருள். அதில் ஓட்டை இருந்தாலோ, தொழிற்சாலை இட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்தாலோ அந்நியர் உள்ளே புகலாம். புகுந்தவர் வங்கியின் பக்கத்துக்குப் பதிலாகப் போலிப் பக்கத்தைக் காட்டவும் முடியும்.

2017 யூலையில் இந்தியாவின் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள் சுமார் 60,000 முடங்கின. 'அட்மின்' என்ற பழைய கடவுச்சொல் மாற்றப்படாதவையே அகப்பட்டன. 2018 இல் 'விபிஎன் ஃபில்டர்' எனும் தீநிரல் 54 நாடுகளில் சுமார் 5 இலட்சம் கருவிகளைப் பீடித்தது.

சகோதரிகளே, வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்றி, கொப்பியில் எழுதி வையுங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள். வெளியிலிருந்து இயக்கும் வசதியை நிறுத்துங்கள். ரவுட்டரை நிறுத்தித் திரும்பப் போடுவது சில தீநிரல்களை அகற்றும், ஓட்டையை அடைக்காது. புதுப்பிப்பு வராத பழைய பெட்டியை மாற்றுவதே நல்லது.

செய்யத் தெரியாவிட்டால் இணைப்புத் தந்த நிறுவனத்தை நீங்களே அழைத்துக் கேளுங்கள். நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைப்பவருக்குக் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். கேட்டறிவதில் வெட்கமில்லை, அது காசு கட்டும் உங்கள் உரிமை.