பழைய பேட்டரி போகும் வழி

சிறிய காரின் பேட்டரி ஏறக்குறைய 10 கிலோ எடை இருக்கும். அதில் சுமார் 6 கிலோ ஈயம்; மிச்சம் ஆசிட்டும் பிளாஸ்டிக்கும். வெயில் மிகுந்த ஊர்களில் அது மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கும். பிறகு கடையில் புதியதை மாட்டி, பழையதை ஓரமாக வைப்பார்கள். பழையதற்கு ஒரு தொகை பில்லில் கழியும். கார் வைத்திருப்பவருக்கு வேலை அங்கே முடிகிறது.

அந்தத் தொகை ஈயத்துக்கான விலை. எத்தனை முறை உருக்கினாலும் ஈயத்தின் தரம் குறையாது. உலகில் பயன்படும் ஈயத்தில் முக்கால் பங்குக்கு மேல் பேட்டரிக்கே போகிறது.

முறையான ஆலையில் பேட்டரியை மூடிய இயந்திரம் உடைக்கும். ஆசிட் தனியே வடிந்து நடுநிலையாக்கப்படும். உலைப்புகை வடிகட்டிகளைத் தாண்டித்தான் வெளியேறும். இவை ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைச் செய்யாதவரால் பழைய பேட்டரிக்குக் கூடுதல் விலை தர முடியும்.

கொல்லைப்புற உலையில் முதல் வேலை, மூடியைத் திறந்து பேட்டரியைக் கவிழ்ப்பது. ஈயம் கலந்த ஆசிட் மண்ணில் இறங்கும். அடுத்து, கூட்டைக் கோடரியால் பிளந்து பிளேட்டுகளை உருவி, இரும்புச் சட்டியில் கரி நெருப்பில் உருக்குவார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் பேட்டரியில் உள்ள ஈயத்தில் ஏறக்குறைய பாதி, பிளேட்டில் அப்பிய பசையாக இருக்கிறது: ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும். அதை உலோகமாக்கத் தேவையான வெப்பம் இதைவிட மிக அதிகம். சட்டியில் அது முழுமையாக நடக்காது. ஒரு பகுதி புகையோடு போகும். மிச்சம் கசடாக அங்கேயே கொட்டப்படும்.

செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டிய ஊர் தியாரோய் சுர் மேர். அங்கே பல ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. கசடு மணலில் கலந்தது. 2007இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியது. மணலைச் சலித்து ஈயத் துணுக்குகளை எடுத்து விற்றால் காசு கிடைத்தது. மணல் மூட்டைகள் வீடுகளுக்குள் வந்தன.

2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். மூளையை வேகமாகத் தாக்கிய நோய். காரணம் முதலில் தெரியவில்லை. பிறகு மண்ணைச் சோதித்தார்கள். வீடுகளுக்கு வெளியே ஒரு கிலோ மண்ணில் 302 கிராம் வரை ஈயம் இருந்தது. வீடுகளுக்குள் 14 கிராம் வரை இருந்தது. 50 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்ததில், ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, சராசரியாக 129.5 மைக்ரோகிராம் ஈயம். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மிகக் குறைந்த அளவு 39.8, மிக அதிகம் 613.9.

அமெரிக்காவில், இதே அலகில், குழந்தைகளுக்குக் கவலைக்குரிய அளவு 1960களில் 60 ஆக இருந்தது. 1991இல் அது 10 ஆனது. 2012இல் 5. 2021 முதல் 3.5. பாதுகாப்பான அளவு என்று அறியப்பட்ட எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதுக் குழந்தையின் உடலில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அளவு 5 ஆக, அந்த ரத்தத்தில் ஒரு கிராமின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு ஈயம் இருந்தால் போதும்.

இந்த அளவில் வலிப்பு வராது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. கவனமும் கற்கும் திறனும் குறையும். அளவு கூடினால் சோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல். இவற்றுக்கு வேறு காரணங்கள் நூறு உண்டு என்பதால் ரத்தத்தில் ஈயத்தைப் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை. எலும்பில் படிந்த ஈயம் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் அது தாயின் ரத்தத்துக்குத் திரும்பி, கருவை அடையும்.

யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் 80 கோடி வரை. இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடி. மசாலாக் கலப்படம், பெயின்ட், பாத்திரம் ஆகியவையும் காரணங்கள். முறையற்ற பேட்டரி உருக்கல் முதன்மையான காரணங்களில் ஒன்று.

இந்தியாவில் பழைய பேட்டரிக்கு 2001இலேயே விதிகள் வந்தன. 2022 ஆகஸ்டில் புதிய பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் பேட்டரி போய்ச் சேர வேண்டும். கடைக்காரர் யாருக்குக் கொடுக்கிறார் என்பதைப் பில் போடும்போதே கேட்கலாம்.

பேட்டரியின் ஆயுளும் கணக்கில் சேரும். முழுச் சார்ஜில், வண்டி ஓடாதபோது, அது 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் இறுகும். பிறகு எளிதில் கரையாது. தண்ணீர் ஊற்றும் வகையில் டிஸ்டில்டு வாட்டர் குறைந்து பிளேட் வெளியே தெரிந்தால், அந்தப் பகுதி கெடும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால் சார்ஜ் சரியாக ஏறாது.

ஒரு கார் 15 ஆண்டு ஓடுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஐந்து பேட்டரி, 30 கிலோ ஈயம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றால் மூன்று பேட்டரி, 18 கிலோ. ஒவ்வொன்றும் ஆலைக்கோ கொல்லைப்புறத்துக்கோ போகும். கூடுதல் விலை தரக்கூடியது கொல்லைப்புறம்.