சர்வீஸ்: ஒரு சொல், பல பொருள்

'சர்வீஸ் நம்பர் சொல்லுங்க' என்று கவுன்ட்டரில் கேட்டதும் சிலர் திகைத்து நிற்பாங்க. காரணம், இந்த ஒரே சொல்லுக்கு நம்மிடம் பல பொருள் இருக்கு.

வண்டியை சர்வீஸுக்கு விட்டால் அது பராமரிப்பு. 'பஸ் சர்வீஸ்' என்றால் போக்குவரத்து. '30 வருஷ சர்வீஸ்' என்றால் பணிக்காலம். பணிக்கொடையைக் கணக்கிட இது தேவை. 'சர்வீஸ் ரோடு' அணுகுசாலை.

மின்வாரியத்தில் 'சர்வீஸ்' என்றால் மின் இணைப்பு. சர்வீஸ் நம்பர் என்பது உங்கள் மின் இணைப்பு எண்தான். பழைய மின்கட்டண ரசீதிலேயே இருக்கும்.

இதில் ஒரு இலக்கம் மாறினாலும் உங்க பணம் வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிடலாம். எனவே, கட்டணம் செலுத்தும் முன் திரையில் வரும் பெயரைச் சரிபாருங்க. வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயர் வரும், பயப்பட வேண்டாம்.

சந்தேகமா? மின்னகம்: 94987 94987.