பெயரளவில் ஒரு தொகுதி
(வாக்குச்சீட்டின் கதை – 9)

நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், மாத்தளை மாவட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் இருந்தது பழைய பல்லேகம. இன்று அது களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடைத்தெருவும் காரியாலயங்களும் மேட்டுக்கு ஏறி, லக்கல புதுநகரமாகிவிட்டன. ஊர் இடம் மாறினாலும் தேர்தல் முடிவுப் பட்டியலில் ‘லக்கல’ என்ற பெயர் அப்படியே நிற்கிறது. வாக்கெண்ணும் இரவுகளில் அந்தப் பெயரில் ஒரு முடிவு அறிவிக்கப்படும். ஆனால் லக்கலைக்கென்று தனியாக ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்த பொதுத்தேர்தல், 1977-இல் நடந்ததே கடைசி.

அசைக்க முடியாத தொகுதி, அசைக்க முடியாத உறுப்பினர் என்பதெல்லாம் பிரித்தானியர் தந்த முறையோடு வந்த பேச்சு. இலங்கை வாக்காளர் அதற்கு அதிகம் மசியவில்லை. 1956 முதல் 1977 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலும் ஆட்சியை மாற்றியது. 1970-இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 வீத வாக்குப் பெற்றும் 17 ஆசனங்களோடு மூலையில் உட்கார்ந்தது. 1977-இல் ஏறத்தாழ 51 வீதத்துக்கு அதே கட்சிக்கு 168-இல் 140 கிடைத்தது. சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. கொஞ்சம் காற்றடித்தால் கூரை முழுவதும் பறக்கிற வீட்டில் எவர் நிம்மதியாகத் தூங்குவார்?

ஆனாலும் மலைநாட்டில் வேறொரு பாதுகாப்பு இருந்தது. ஆசனங்களைப் பங்கிடும்போது 75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு மேலும் ஒன்று என்று கணக்கிட்டார்கள். அந்தத் தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளியும் சேர்ந்தார். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் அவர் கையில் வாக்குச்சீட்டுத்தான் இல்லை. மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தமக்கு வாக்கில்லாத மாகாணத்துக்கு ஆசனங்களைக் கூட்டிக் கொடுத்தார்கள். பலன் பக்கத்துக் கிராமத்து வாக்காளருக்குப் போனது. இதை வெறும் கணக்குப் பிழை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

பதவியில் இருப்போரைக் காப்பாற்றிய மிகப் பெரிய ஏற்பாடு 1982-இல் வந்தது. அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஜே. ஆர். ஜயவர்தன, அடுத்து வரவேண்டிய பொதுத்தேர்தலை நடத்தவில்லை. இருக்கிற பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்று மக்களைக் கேட்டார். சம்மதம் என்றால் விளக்கு, மறுப்பு என்றால் குடம். டிசம்பர் 22 அன்று விளக்கு 54.66 வீதம் பெற்றது. தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை அவர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டது தனிக்கதை. உறுப்பினருக்கு வாக்காளரிடமிருந்து பாதுகாப்புக் கிடைத்தது, தலைவரிடமிருந்து கிடைக்கவில்லை. விளக்குத் தோற்ற தொகுதிகளில் 18 இடங்களில் 1983 மே மாதம் இடைத்தேர்தல் வைத்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் 1977-இல் வாங்கிய வாக்கோடு 1988 டிசம்பர் வரை அமர்ந்திருந்தார்கள். 1977-இல் பல்லேகமவில் பாலர் வகுப்புக்குப் போன பிள்ளை, பொதுத்தேர்தல் என்ற ஒன்றை மறுபடி பார்க்கும்போது வாக்களிக்கும் வயதை நெருங்கியிருக்கும்.

1989-இல் வந்தது விகிதாசாரம். தொகுதிக்குப் பதில் மாவட்டம், ஒருவருக்குப் பதில் ஒரு பட்டியல். மாத்தளைக்கு ஐந்து ஆசனங்கள். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒன்று போனஸாகப் போகும், மீதி நான்கைத்தான் வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி, வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்கு. இங்கேதான் சங்கதி தலைகீழானது. எதிர்க்கட்சிக்காரரைவிடத் தன் கட்சிக்காரரே ஆபத்தான போட்டியாளர் ஆனார். ஒரே சின்னத்தின் கீழ் இரவில் சுவரொட்டி கிழித்தவர்களை மாத்தளைக்காரருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மாவட்டம் முழுக்கத் தெரிந்த பெயர் வேண்டும், பணம் வேண்டும். பரம்பரை இருந்தால் இன்னும் நல்லது. மாத்தளையில் அலுவிஹாரைகள், தம்புள்ளையில் தென்னக்கோன்கள். டி. பி. தென்னக்கோன், மகன் ஜனக பண்டார, பேரன் பிரமித்த பண்டார என்று மூன்று தலைமுறை பாராளுமன்றம் போயிற்று.

உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தலும் கிடையாது. பட்டியலில் அடுத்தவர் வந்து உட்காருவார். தோற்றவருக்கும் தேசியப் பட்டியலில் 29 கதிரைகள் உண்டு. பாதுகாப்பான ஆசனம் என்று இலங்கையில் எதையாவது சொல்லலாமென்றால் அந்தக் கதிரைகளைத்தான் சொல்வேன். அதற்குத் தொகுதி வேண்டாம், வாக்காளரும் வேண்டாம். தலைவரின் கையெழுத்துப் போதும். பல்லேகமக்காரர் வீதி உடைந்ததென்று முறையிட யாரிடம் போவார்? ஐவரும் அவருடைய உறுப்பினர்கள், ஐவரில் ஒருவரும் அவருடைய உறுப்பினர் இல்லை.

2020-இல் மாத்தளையின் ஐந்தில் நான்கு பொதுஜன பெரமுனவுக்கும், ஒன்று ஐக்கிய மக்கள் சக்திக்கும் போயின. 2024 நவம்பர் 14 அன்று அதே நான்குக்கு ஒன்று கணக்குத்தான். நான்கும் இம்முறை தேசிய மக்கள் சக்திக்கு. 2020-இல் தெரிவான ஐவரில் திரும்பி வந்தவர் ரோஹிணி கவிரத்ன ஒருவரே. அவர் இருந்தது எதிர்க்கட்சி வரிசையில்.