ரோஜாவுக்கும் காய் உண்டு

ஸ்வீடனில் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகி ஒருவர், அங்கிருந்து கொண்டுவந்த உலர்ந்த ரோஸ்ஹிப், அதாவது ரோஜாக்காய், பொட்டலத்தை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் எழுதியிருக்கிறார். இதை எப்படிச் சாப்பிடுவது? முழங்கால் வலிக்கு நல்லது என்று மகள் சொல்வது நிஜமா?

நம் தோட்டத்து ரோஜாவில் காயைப் பார்த்தவர்கள் குறைவு. பூவையே விட்டுவைப்பதில்லை, காய் எங்கிருந்து வரும்? அடுக்கு ரோஜாக்களில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழாக மாறிவிடுவதால் அவை காய்ப்பதும் அரிது. ஐரோப்பாவின் வேலியோரங்களில் வளரும் ரோசா கனினா என்ற காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ். இதழ் உதிர்ந்தபின் பூவின் அடியிலுள்ள குடுவை சதை பிடித்து, குளிர் தொடங்கும் முன் சிவந்துவிடும். நாம் பழம் என்று நினைக்கும் இந்தச் சதை தாவரவியல் கணக்கில் பழமே அல்ல. உள்ளே விதைபோல் கிடக்கிறதே, அது ஒவ்வொன்றும்தான் ஒரு கனி.

அந்தக் கனிகளைச் சுற்றிச் சுணை இருக்கிறது. பள்ளிக்காலத்தில் பூனைக்காலிக் காயின் சுணையை அடுத்தவன் சட்டைக்குள் போட்டுவிட்டு ஓடியிருக்கிறோம். ஐரோப்பியப் பையன்களுக்கு அந்தத் திருப்பணியைச் செய்தது ரோஜாக்காய். தோலில் பட்டால் அரிப்பு, வயிற்றுக்குள் போனால் தொண்டையிலிருந்து தொல்லை. ஆகவே காயை ஊறவைத்த நீருக்கு டீ வடிகட்டி போதாது, துணியில் வடிகட்ட வேண்டும்.

இந்தக் காய்க்குப் புகழ் தேடித்தந்தது போர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்க்க, பிரிட்டனில் ஆரஞ்சு கிடைக்காமல் போனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி வேண்டும். உலராத ரோஜாக்காய் நூறு கிராமில் அது 400 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக்கூடும். ஆரஞ்சில் ஐம்பது சொச்சம்தான். 1941 இலையுதிர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளும் மாதர் சங்கத்தினரும் வேலிகளில் இறங்கி 200 டன் அளவுக்குப் பறித்துக் கொடுத்தார்கள். அது சிரப் ஆகி, புட்டியில் அடைபட்டுக் குழந்தைகளுக்குப் போனது.

வீட்டிலேயே செய்துகொள்ள விரும்பியவர்களுக்கு அரசு ஒரு செய்முறையும் தந்தது. அதில்தான் எனக்கு மோகம். இரண்டு ராத்தல் காய்க்கு மூன்று பைண்ட் தண்ணீர். முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும். பிறகுதான் காயை அரைக்க வேண்டும். அரைத்த மறுநொடி கொதிநீரில் போட்டுவிட வேண்டும். துணியில் வடிகட்டும்போது முதலில் இறங்கும் அரைக் கோப்பையைத் திரும்ப ஊற்றி இன்னொரு முறை வடிகட்டச் சொல்கிறார்கள். அது சுணைக்குப் பயந்து. ஆனால் அரைப்பதில் ஏன் அவ்வளவு அவசரம்?

காய்க்குள்ளேயே வைட்டமின் சி-யை அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. காய் முழுதாக இருக்கும்வரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. நசுக்கினால் கலந்துவிடும், காற்றின் ஆக்சிஜனும் சேர, வைட்டமின் அழியத் தொடங்கும். கொதிநீர் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. சூட்டில் வைட்டமினும் கொஞ்சம் போகத்தான் செய்யும், ஆனால் ஆற அமர அரைத்து வைத்திருந்தால் போவதைவிட அது குறைவு. பட்டினிக்கு அஞ்சிய ஒரு நாடு, நொதி என்ற சொல்லைக்கூடச் சொல்லாமல், அதை வெல்லும் வழியை அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. நம் சமையல் குறிப்புகளில் 'உடனே' என்ற சொல்லுக்கு யாராவது காரணம் எழுதுகிறார்களா?

உலர்ந்த காய்க்கு வருவோம். உலர்த்தும்போதே வைட்டமின் சி-யில் கணிசமான பங்கு போய்விடும், டப்பாவில் இருக்க இருக்க மேலும் குறையும். பழைய பொட்டலம் என்றால் புளிப்புக்கும் நிறத்துக்கும்தான் உதவும். ரஷ்யர்கள் இரவில் பிளாஸ்கில் காயைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, காலையில் குடிப்பார்கள். நமக்கும் அதுவே சுலபம். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம், செம்பு பட்டால் வைட்டமின் இன்னும் வேகமாக அழியும், எவர்சில்வர் போதும். ஸ்வீடனில் இதைக் கூழாக்கிச் சர்க்கரையும் மாவும் சேர்த்து நீபொன்சொப்பா என்ற இனிப்பு சூப் வைக்கிறார்கள். மேலே பாதாம் பிஸ்கட்டும் கிரீமும். அதில் சுணை வராது. காயைத் துப்புரவாக்கி விற்கிறார்கள். கடையில் விற்கும் ரோஸ்ஹிப் டீ ரத்தச் சிவப்பாக இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அந்தச் சிவப்பு, புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடியான ரோசெல்லின் உபயம். வெறும் ரோஜாக்காய் டீ அவ்வளவு சிவக்காது.

முழங்கால் விஷயம். டென்மார்க்கில் ரோஜாக்காய்ப் பொடியை மூட்டுத் தேய்மானத்துக்குச் சோதித்தார்கள். 2008-இல் மூன்று ஆய்வுகளை, மொத்தம் 287 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது வலி சற்றே குறைந்ததாகத் தெரிந்தது. மூன்று ஆய்வுகளுக்கும் பொடியைத் தயாரிக்கும் நிறுவனமே துணை நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே மகள் சொன்னது முழுப் பொய்யல்ல. டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்த அது போதாது. பொடியில் செய்த சோதனை அது, டீயில் அல்ல. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைட்டமின் சி பொடிகளை அள்ளிச் சாப்பிடுமுன் டாக்டரைக் கேட்பது நல்லது.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. சிலி நாட்டில் ரோசா மொஸ்கெட்டா என்ற காட்டு ரோஜாவின் விதையைப் பிழிந்து, சின்னச் சீசாவில் உலகமெங்கும் அனுப்புகிறார்கள். காய்ந்த சருமத்துக்கு நல்ல எண்ணெய்தான். ஆனால் 'வைட்டமின் சி நிறைந்தது' என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். வைட்டமின் சி நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அது வேண்டுமென்று அந்தச் சீசாவுக்குக் காசு கொடுப்பவர், வழியில் கூறுகட்டி விற்கும் நெல்லிக்காயைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறார்.