சூறாவளியும் கப்பலும் கரையும்

வங்கக் கடலிற் சூறாவளி எனப்படுவதையே அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஹரிக்கேன் என்பர். ஜூன் முதல் நவம்பர் வரை அதன் பருவம். அக்காலத்திலும் மியாமித் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணக் கப்பல்கள் கரிபியன் தீவுகளை நோக்கிப் புறப்பட்ட வண்ணமேயிருக்கும்.

சூறாவளிக் காற்று எத்துணை வேகமாகச் சுழன்றடிப்பினும், அப்பகுதியில் அது இடம்பெயர்வது பெரும்பாலும் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்திலேயாம். கப்பலோ 40 கிலோமீட்டர் வரை செல்ல வல்லது. ஆதலின் அது விலகிச் செல்லலாம். கிழக்குத் தீவுகளுக்குச் செல்லவிருந்த கப்பல் மேற்கே மெக்சிக்கோவின் கொசுமெல் துறையை நாடும். திரும்பவேண்டிய துறைமுகம் மூடப்படின், பயணிகள் சில நாட்களை மேலதிகமாகக் கடலிற் கழிப்பர்.

கரையில் வாழ்வோரின் நிலை வேறு. வீட்டை நகர்த்த இயலாது, தாமே அகலவேண்டும். புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவிலிருந்து தரைவழி வெளியேறப் பல பாலங்களைக் கடக்கும் ஒரே நெடுஞ்சாலைதான் உண்டு. 2017இல் இர்மா நெருங்கியபோது, செப்டெம்பர் 6ஆந் திகதி காலையில் சுற்றுலாப் பயணிகளும் மாலையிற் குடிமக்களும் அவ்வட்டாரத்தை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். 10ஆந் திகதி புயல் கரையைத் தாக்கியது.

இவ்வளவு முன்னதாகப் பணிப்பதேன்? காற்றினுங் கொடியது கடற்பெருக்கு. ஐக்கிய அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை இத்தகைய புயல்களால் நேரடியாக மாண்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதனாலேயே உயிரிழந்தனர்.

எச்சரிக்கை கிடைத்ததும் கப்பல் திசைமாறலாம். முதியோர், நோயாளர், வாகனமற்றோர் ஆகியோருக்கோ எச்சரிக்கை மாத்திரம் போதாது. ஏற்றிச்செல்ல வண்டியும் தங்குவதற்கு இடமும் வேண்டும்.