குருத்தணு மாற்றுச் சிகிச்சை: யாருக்கு, எப்போது?

உடல் தேறிவிட்டதாகத் தோன்றும்போது, கரடியூரில் இருப்பவர் பரிசோதனைக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குவதை வீண் அலைச்சலாகக் கருதுவது இயல்பே. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் அந்த எண்ணமே ஆபத்தாகிறது.

9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் இந்நோய் உண்டாகிறது. 2001இல் பயன்பாட்டுக்கு வந்த இமாடினிப் மாத்திரை, பெரும்பாலோருக்கு நோயைப் பல்லாண்டுகள் கட்டுக்குள் வைக்கிறது. மாத்திரையை இடையில் நிறுத்தினாலோ, நோயணுக்கள் மருந்துக்கு மசியாமல் போனாலோ, நோய் முற்றிய கட்டத்தை அடையக்கூடும். அப்போது மாத்திரை மட்டும் போதாது. தகுதியுள்ளவர்களுக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம்.

இச்சிகிச்சை நமக்குப் புதிதன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும் தொடங்கியது.

முதலில் மருந்துகளால் நோயின் வேகத்தைத் தணிக்கிறோம். பின்னர் வீரியமிக்க மருந்துகளால் பழுதுற்ற எலும்பு மஜ்ஜையை அழித்து, கொடையாளரின் குருத்தணுக்களை ரத்தம் ஏற்றுவதுபோல் நரம்பு வழியே செலுத்துகிறோம். அறுவை சிகிச்சை இல்லை. இரண்டு, மூன்று வாரங்களில் புதிய ரத்த அணுக்கள் உருவாகத் தொடங்கும்.

உடன்பிறந்தவர் ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொடுத்த குருத்தணுக்கள் கொடையாளரின் உடலில் மீண்டும் உருவாகிவிடும். குடும்பத்தில் பொருத்தம் இல்லையெனில், கொடையாளர் பதிவகங்களில் தேடலாம். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரோ பிள்ளைகளோ கொடுக்கவும் இயலும்.

இடர்களை மறைப்பது முறையன்று. கிருமித்தொற்று ஏற்படலாம்; கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கலாம்; நோய் திரும்பலாம்; உயிரிழப்பும் நேரலாம். நோய் தணிந்திருக்கும் வேளையில் செய்தால் பலன் கூடுதல்.

முதல் 100 நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவது நலம். ஊர் திரும்பிய பின்னும், மருத்துவர் அனுமதிக்கும்வரை காப்பித் தோல், மட்கிய இலை, தொழு உரம் ஆகியவற்றின் அருகே செல்லாதீர்கள். அவற்றிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்பதை முன்னதாகவே கேட்டறியுங்கள்.

இன்று மாத்திரையால் நலமாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை மாத்திரையையும் விடாதீர்கள். மூன்று மாதத்துக்கொரு முறை மலையிறங்கி வரும் அலைச்சல், இத்தனை பெரிய சிகிச்சையையே தேவையற்றதாக்கக்கூடும்.